ஓடாத வகுப்பு

வாழைச்சேனை
12.02.2006

அன்புத் தங்கை கம்சாயினிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். அறையும் கிடைத்துவிட்டது. வீட்டுக்காரி சீதேவிப்பிள்ளை அக்கா நல்ல மனுசி, கறியில்தான் உப்புக் கூட. இவ்வளவையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. மீதி உனக்கு.

கல்வியியல் கல்லூரியில் இரண்டு வருடம் படித்ததை இந்த மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் செய்து காட்ட வேண்டும். எனக்குத் தந்திருப்பது பத்தாம் ஆண்டு, சுகாதாரமும் உடற்கல்வியும். மைதானத்தில் பாதியைச் சுனாமியில் வீடு போன சனங்களின் தகரக் கொட்டில்கள் பிடித்துக்கொண்டன. மறு பாதி வீதியை ஒட்டினாற்போல இருக்கிறது. அதுதான் எனக்கு.

இடம் குறைவு என்பதல்ல என் கவலை. பிள்ளைகள் ஓடுகிறார்கள் இல்லை. விசில் ஊதினால் நடக்கிறார்கள். "வயித்துக்குள்ள குத்துது ரீச்சர்." "கால் பிரண்டிட்டு ரீச்சர்." ஒரு பொடியன் எழுந்து நின்று, "நான் பிறந்ததில இருந்தே மெதுவாத்தான் ரீச்சர், அம்மாட்ட வேணுமெண்டா கேளுங்க" என்கிறான். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஆனால் இடைவேளை மணி அடிக்க வேண்டும், கட்டடத்துக்குப் பின்னால் கன்டீன் பக்கம் பறக்கிறார்கள் பார், நான்கூடப் பிடிக்க முடியாது. மைதானத்துக்கு வந்தால் மட்டும் எல்லோருக்கும் நொண்டி.

சித்திரை மாத முடிவில் கல்லூரியில் இருந்து அசனார் சேர் வருவார். நான் எப்படிக் கற்பிக்கிறேன், பிள்ளைகளின் திறமையை எப்படிக் கணித்துப் புள்ளி போடுகிறேன் என்று நின்று பார்ப்பார். அதில் தவறினால் இந்த வருடம் முழுதும் திரும்பச் செய்ய வேண்டும்.

நீ ஓடின பிள்ளை. வலய மட்டத்தில் முதலாவதாக வந்தவள். ஓடத் தெரிந்த பிள்ளை ஏன் ஓடாது? உன் கூச்சத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு எனக்குப் பதில் எழுது.

அக்கா
பிரஷாந்தி

கரடியனாறு
23.02.2006

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கடித உறையில் என் பெயரை எழுத வேண்டாம். அம்மாவின் பெயரை எழுதுங்கள். தபால்காரர் படலையில் நின்று "கம்சாயினி ஆரு?" என்று சத்தமாகக் கேட்டார். அம்மா கையில் இருந்த சுளகை அப்படியே போட்டுவிட்டு ஓடினா. "அவ இங்க இல்ல, மன்னாரில சின்னம்மாட வீட்ட நிக்கிறா" என்று சொல்லி வாங்கினா.

அப்பா வயல் வட்டைக்குள் வெட்டு முடித்துவிட்டார். நெல் நிறைய வந்திருக்கிறது. மூட்டைகளை என் அறையில் அடுக்கி வைத்திருக்கிறோம். ஜன்னலை அவை மறைத்துவிட்டன. எனக்கு அது பரவாயில்லை.

நீங்கள் கேட்டதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. பாலத்தடிச் சோதனைச்சாவடியில் சோதிக்கும்போது சில நேரம் கடிதத்தையும் பிரிப்பார்களாம். ஆகவே ஒன்று மட்டும் கேட்கிறேன். மைதானம் வீதியை ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பாடம் நடத்தும்போது வீதியில் யாராவது நிற்கிறார்களா? பிள்ளைகளைப் பார்க்காமல், ஒருமுறை வீதியைப் பாருங்கள்.

பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம், அக்கா. கோபிக்கவும் வேண்டாம்.

கம்சா

வாழைச்சேனை
05.03.2006

கம்சாயினிக்கு,

உறையில் அம்மாவின் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். திருப்திதானே?

எனக்கு விளங்கவில்லை. போன லீவுக்கு வந்தபோதும் நீ அறையை விட்டு வெளியே வரவில்லை. "பெரிய புள்ளையானதில இருந்து அவளுக்கு வெக்கம், நீ அவளக் கரைச்சல் படுத்தாத" என்று அம்மா சொன்னா. சரி, வெட்கம். அதற்காகப் படிப்பை விடுவதா? இப்போது மன்னாருக்குப் போனதாக வேறு பொய்! நான் உடற்கல்வி படிக்கப் போனதே உன்னைப் பார்த்துத்தான். நீ ஓடியதைப் பார்த்த அன்றைக்கு, இப்படி ஓடுகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும் என்று நினைத்தேன். நான் படித்து முடிக்கும் முன் நீ மூட்டைக்குள் ஒளிந்துவிட்டாய். ஒளிந்திருந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்கிறாய்.

வீதியைப் பார்க்கச் சொன்னாய், பார்த்தேன். மதகில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இருப்பார்கள். பிள்ளைகளின் அண்ணன்மார் ஆக்கும். நான் ஓடிக் காட்டியபோது ஒருவன் கைதட்டி, "ரீச்சர் நல்லா ஓடுறீங்க!" என்றான். குறைந்தது அவனாவது ரசித்தானே.

என் வகுப்பில் திலோஜினி என்று ஒருத்தி இருக்கிறாள். தகரக் கொட்டிலில் தாயோடு இருக்கிறாள். தகப்பனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவர்களின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியபோது, அதை அவள் பிடித்ததைப் பார்த்தேன். அப்படியே உன் ஓட்டம். அவள் வகுப்பில் என்ன செய்கிறாள் தெரியுமா? செருப்புக்குள் கல்லைப் போட்டுக்கொண்டு நொண்டுகிறாள். செருப்பைக் கழற்றச் சொன்னேன், கல் விழுந்தது. மற்றப் பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் கோபம்.

வருகிற கிழமை அவளைத் தனியாக ஓட வைக்கப் போகிறேன். ஒருத்தி ஓடினால் மற்றவர்களுக்கும் ரோசம் வரும்.

பிரஷாந்தி

கரடியனாறு
14.03.2006

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. ஏறாவூரில் இருந்து இங்கேயும் உங்கள் பக்கமும் சீலை கொண்டுபோய் விற்கும் ஆமினா உம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவ சீலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவருவா. "கிளியரா எழுது புள்ள, நான் வாசிக்க மாட்டன், எனக்கு வாசிக்கவும் தெரியா" என்று சிரித்தா. ஆகவே எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

திலோஜினியை ஓட வைக்க வேண்டாம்.

சுனாமிக்கு முந்தின மாசி மாதம், வலயப் போட்டியில் நான் முதலாவதாக வந்தேன். நீங்களும் வந்திருந்தீர்கள். பரிசு தரும்போது ஒலிபெருக்கியில் என்ன சொன்னார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பக்கத்து வழக்கப்படி பிள்ளையின் பெயர், தகப்பனின் பெயர், ஊர் எல்லாம் சொன்னார்கள். "கரடியனாறு, அழகரத்தினம் கம்சாயினி" என்று மூன்று தரம் சொன்னார்கள். நீங்கள் கை வலிக்கத் தட்டினீர்கள். நானும் சந்தோசப்பட்டேன்.

நீங்கள் கல்லூரிக்குப் போன பிறகு அவர்கள் வந்தார்கள். யார் என்று எழுத மாட்டேன், உங்களுக்கு விளங்கும். மரியாதையாகத்தான் பேசினார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. "நல்லா ஓடுற புள்ள இரிக்காமே, சண்டைக்கு ஆள் காணா, அந்தப் புள்ள எங்களுக்கு வேணும்" என்றார்கள். நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்து கேட்டேன். அப்பா, நான் மன்னாருக்குப் போய்விட்டேன் என்றார். "வந்தா சொல்லுங்க, மறுகா வாறம்" என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் மறுபடி எப்போது வருவார்கள் என்று தெரியாது. அன்றிலிருந்து நான் மன்னாரில்தான் இருக்கிறேன்.

உங்களுக்குச் சொன்னால் நீங்கள் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவீர்கள் என்று அம்மா சத்தியம் வாங்கினா. வெட்கம் என்று அவதான் சொன்னா. நானும் இருந்துவிட்டேன். எனக்கு வெட்கம் இல்லாமலும் இல்லை.

அக்கா, உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வயிற்று வலி இல்லை. வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். வீதியில் ஆட்கள் நிற்கும்போது ஓடாதே, முன்னுக்கு வராதே என்று. திலோஜினியின் செருப்பில் கல்லைப் போட்டது அவள் தாயாகத்தான் இருக்கும். நல்லாக ஓடுகிற கால் தன்பாட்டில் ஓடிவிடும். அதை அடக்க ஏதாவது ஒன்று குத்த வேண்டும்.

மதகில் இருப்பவர்கள் யாருடைய அண்ணன்மாரும் இல்லை.

கம்சா

வாழைச்சேனை
28.03.2006

கம்சா,

உன் கடிதம் பிந்திவிட்டது. ஆமினா உம்மாவில் பிழை இல்லை, வீதி பூட்டியிருந்ததாம். உன் கடிதத்தை அவ என் கையில் தந்தது, நான் திலோஜினியை ஓட வைத்ததற்கு அடுத்த நாள்.

வெறுங்காலோடு ஓடச் சொன்னேன். முதலில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓடினாள். பாதியில் தன்னை மறந்துவிட்டாள். நான் ஸ்டொப் வோச்சைப் பார்த்துவிட்டுத் துள்ளினேன். அவள் ஓடிய நேரத்தை மைதானம் முழுதும் கேட்கக் கத்தினேன். ஒருவரும் கைதட்டவில்லை. கொட்டிலுக்குள் இருந்து அவள் தாய் வெளியே வந்து, என்னைப் பார்த்தாள். பிள்ளையைக் கையில் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

நேற்று மதகடியில் அவர்கள் என்னை மறித்தார்கள். அந்தக் கைதட்டினவன்தான் கேட்டான். "அண்டைக்கு ஓடின பிள்ளைட பேரு என்ன ரீச்சர்?" நான் புதுசு, பெயர்கள் இன்னும் பாடமில்லை என்றேன். "ரீச்சருக்குத் தன்ட பிள்ளைகள்ற பேர் தெரியா எண்டா ஆரு நம்புற?" என்று மற்றவன் சிரித்தான். "பெரிய சேர் ஒராள் சோதிக்க வாறாராமே. அண்டைக்கு நாங்களும் வாறம். நல்லா ஓடுற ஆக்களை நீங்களே காட்டுவீங்கதானே."

அதிபர் வல்லிபுரம் சேரிடம் போனேன். மண்டபத்துக்குள் பரீட்சையை வைக்கட்டுமா என்று கேட்டேன். மண்டபம் நிறைய நிவாரண அரிசி. அவர் கதவைச் சாத்திவிட்டு, "மகள், நான் ஒண்டும் கேக்கல்ல, நீங்களும் ஒண்டும் சொல்லல்ல" என்றார்.

திலோஜினி பாடசாலைக்கு வராவிட்டால், வராதவள் யார் என்று தேடுவார்கள். வந்தால் ஓட வேண்டும். நான் என்ன செய்ய? உன்னிடம் கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன்னை ஏசியதையெல்லாம் மறந்துவிடு. இனிக் கடிதமெல்லாம் ஆமினா உம்மாவிடமே கொடுத்தனுப்புவோம்.

அக்கா

கரடியனாறு
06.04.2006

அன்புள்ள அக்கா,

நீங்கள் ஏசியது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. என்னோடு யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

நான் நெடுக யோசித்தேன். எனக்கு யோசிக்கத்தான் நேரம் இருக்கிறது. அவர்கள் என்னைத் தேடி வந்தது நான் ஓடியதால் இல்லை, முன்னுக்கு வந்ததால். எனக்குப் பின்னால் ஓடிவந்த பிள்ளைகளின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே, ஒருவரும் முன்னுக்கு வராத ஓட்டம் ஒன்றை வையுங்கள். எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே அடியில், ஒன்றாகவே ஓடி ஒன்றாகவே முடிக்கட்டும். வேகமாக ஓடுவதைவிட அது கஷ்டம். வேகமான பிள்ளை அடக்க வேண்டும், மெதுவான பிள்ளை இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்குப் புள்ளி போட முடியாதா? உங்கள் படிப்பில் அப்படி ஒன்று இல்லையா? எனக்குத் தெரியாது, நான் ஒன்பதாம் ஆண்டோடு நின்றவள்.

பிள்ளைகளைப் பழக்கும்போதும் திலோஜினியை ஓரத்தில் விடாதீர்கள். நடுவில் விடுங்கள். உயரமான பிள்ளைகளுக்கு நடுவில்.

இங்கே முந்தாநாள் பக்கத்து வீட்டுக்கு வந்தார்கள். நான் மூட்டைகளுக்கு இடையில் இருந்தேன். எனக்கு இருமல் வந்தது. சீலையை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். போய்விட்டார்கள்.

கம்சா

வாழைச்சேனை
03.05.2006

கம்சா,

நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு வாசிக்காதே.

அசனார் சேர் வந்தார். மதகடியில் அவர்களும் வந்துவிட்டார்கள், இந்த முறை ஒரு வேனோடு. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். விசிலை வாயில் வைத்தேன், ஊத மூச்சு வரவில்லை. அந்தப் பொடியன், பிறந்ததில் இருந்தே மெதுவானவன், மெல்லிய குரலில் "ஊதுங்க ரீச்சர், நாங்க பாத்துக்கொள்ளுறம்" என்றான்.

ஓடினார்கள். இந்த முனையில் இருந்து அந்த முனை வரை ஒரே கோடு. ஒரு காலும் முந்தவில்லை. ஒரு காலும் பிந்தவுமில்லை. திலோஜினி எங்கே என்று எனக்கே தெரியவில்லை. எத்தனை கிழமை பழக்கியும் அப்படி ஒருநாளும் வரவில்லை, கம்சா. பயந்தால் பிள்ளைகள் எவ்வளவு நன்றாக ஓடுகிறார்கள்.

அசனார் சேர் என் புள்ளித்தாளைப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே புள்ளியா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் வீதியைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். "ஒருத்தரையும் பிரிச்சுக் காட்டாட்டி அது கணிப்பீடு இல்ல புள்ள. என்னால உன்ன பாஸ் பண்ண ஏலா. மேல கேப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆனா நீ பிரிச்சுக் காட்டியிருந்தா, நான் இந்த ஜென்மத்துக்கும் உன்னோட பேசியிருக்க மாட்டன். என்ட மகளும் பத்தாம் ஆண்டுதான்."

அவர் போன பிறகு அவர்கள் மைதானத்துக்குள் வந்தார்கள். கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கைதட்டினவன் சொன்னான். "ரீச்சர், நாங்க மோடன்கள் இல்ல. இவ்வளவு பிள்ளைகளை ஒரே அடியில ஓடப் பழக்கி இரிக்கிறீங்க. எங்களுக்கு இப்பிடி ஒராள்தான் இல்லாம இரிக்கி. பிள்ளைகளை வெச்சிருங்க. நீங்க வாங்க. வெசாக் லீவு முடிய வருவம், உடுப்பு எடுத்து வெச்சிட்டு நில்லுங்க."

நான் போவதற்கு யோசிக்கிறேன். நான் போனால் இந்த வகுப்பை விட்டுவிடுவார்கள் என்று அவனே சொன்னான். திலோஜினியின் பெயரைக் கேட்க மாட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு வகுப்பு. இந்தக் கணக்கு எனக்குச் சரியாகத்தான் படுகிறது. நீ அம்மாவையும் அப்பாவையும் பார்த்துக்கொள்.

பிரஷாந்தி

கரடியனாறு
08.05.2006

அக்கா,

உங்கள் கணக்குப் பிழை.

நீங்கள் போனால் அங்கே யாருக்குப் பயிற்சி கொடுப்பீர்கள்? உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கப்போவது யார்? அதுவும் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள்தான். வேறு பாடசாலைப் பிள்ளைகள், அவ்வளவுதான். யார் நன்றாக ஓடுகிறார் என்று அங்கேயும் உங்களிடம்தான் கேட்பார்கள். அங்கே நீங்கள் பெயர் தெரியாது என்று சொல்ல முடியாது. உங்கள் வகுப்பை விடுவார்கள் என்று அவன் சொன்னான். என்னைத் தேடி வந்தவனும் மரியாதையாகத்தான் பேசினான்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். மன்னியுங்கள். அவ அழவில்லை. "ஆமினா உம்மா சந்தியில நிப்பா, போய்ப் பேசு" என்று என்னிடமே சொன்னா. நான் முன்கதவால் வெளியே போனேன். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சந்திக் கடையில் இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள், யார் இந்தப் பிள்ளை என்று. யாருக்கும் தெரியவில்லை.

ஆமினா உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒரு ஆளோடு இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. அவவின் மகன் மஜீட் வெசாக்குக்கு முந்தின நாள் ஏறாவூரில் இருந்து கொழும்புக்குச் சீலை எடுக்க லொறி கொண்டு போகிறார். அதில் நீங்கள் போக வேண்டும். உம்மா தன் மகள் றஸீனாவின் உடுப்புகளைக் கொண்டு வருவா. தலையை மூடிக்கொண்டு வாழைச்சேனையில் இருந்து ஏறாவூர் வரைக்கும் பஸ்ஸில், உம்மாவின் மகளாக வர வேண்டும். "எனக்கு மகள்மார் கூடினா என்ன, கேக்கிறவனுக்கு நான் பதில் சொல்லுறன்" என்றா.

திலோஜினியின் தாயிடமும் சொல்லுங்கள். லொறியில் அவளுக்கும் இடம் கேட்டிருக்கிறேன். தாய் அனுப்புவாவா தெரியாது. நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். உங்களைப் பார்த்து அவ ஏசினாலும் நின்று கேளுங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அசனார் சேருக்கும் வல்லிபுரம் சேருக்கும் தெரிந்தால் அவர்கள் யோசிக்கட்டும். பரீட்சை முடிந்துவிட்டது, இனி அந்த வகுப்பு மைதானத்துக்கு வர வேண்டாம் என்றாவது அதிபரால் சொல்ல முடியும்.

நீங்கள் பிடிவாதக்காரி. ஆமினா உம்மா தனிய வந்து கூப்பிட்டால், இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, "நீங்க போங்க உம்மா, நான் நிக்கிறன்" என்று சொல்லி அனுப்பிவிடுவீர்கள். எனக்குத் தெரியும். அதனால் அவ தனிய வரமாட்டா. நானும் வருகிறேன். அவ எனக்கும் உடுப்புத் தந்துவிட்டா. அம்மா என் தலைமயிரைப் பின்னி மடித்துக் குத்திவிட்டா. பாலத்தடியில் கேட்டால் நானும் அவவின் மகள்தான்.

இதை உம்மா நாளைக்கே உங்களிடம் தருவா. அடுத்த பயணத்தில் நான் அவவோடு பஸ்ஸில் இருப்பேன். சீதேவிப்பிள்ளை அக்காவின் வாசலில் வந்து நிற்பேன். என்னை அடையாளம் தெரியாவிட்டால், பேசாமல் நிற்கிறவள் நான்.

எனக்கு நல்ல பயம், அக்கா. அந்தப் பயத்தோடுதான் வருகிறேன். கதவைத் திறவுங்கள்.

தங்கை
கம்சாயினி